ஜெசி சேமித்த பக்கம்

பிடித்த இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கும் புக்மார்க் மென்பொருளை அழகு பார்த்து எடுக்கக் கூடாது சார். நான் மூன்றை ஓட்டிப் பார்த்தேன். எல்லாமே ஓப்பன் சோர்ஸ், காசில்லாமல் எடுத்து நம் இஷ்டத்துக்கு மாற்றி, வீட்டு லேப்டாப்பிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஒன்று இணைய முகவரியை மட்டும்தான் குறித்து வைக்கும். இன்னொன்று என் பழைய லேப்டாப்பைத் திணறடித்தது. மூன்றாவது, பக்கத்தையே முழுசாக நகல் எடுத்து வைத்துக்கொண்டு, திறந்தால் அந்த நகலைக் காட்டும். மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டில் நெட் அடிக்கடி போகும். அதனால் அதையே எடுத்தேன்.

என் மனைவி ஜெசிக்கும் அதில் தனிக் கணக்கு, தனி பாஸ்வேர்டு. வெளிக் கம்பெனியில் சேமிப்பது வீட்டுச் சாவியை ஊரான் கையில் கொடுப்பது மாதிரி. "நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்" என்றேன். நம்பினாள். ஜாக்கெட் டிசைன், பிரியாணி, ஜெபம் என்று சேர்த்துக்கொண்டே இருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்து, அவள் பாஸ்வேர்டு இல்லாமலே நான் எல்லாவற்றையும் பார்ப்பேன். நிறுவியவன் பார்க்கத்தானே வேண்டும்.

ஒரு நாள் பெண்கள் காப்பகம் ஒன்றின் பக்கம் இருந்தது. புருஷன் அடித்தால் எங்கே போவது என்று போட்டிருந்தார்கள். போனை நான் வாங்கிப் பார்ப்பேன் என்று அதில் தடம் இல்லாமல் அழித்துவிட்டு, இங்கே பத்திரமாக வைத்திருந்தாள். நான் கை நீட்டியிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக வீட்டை விட்டே போவதா? வருத்தமாக இருந்தது.

அதை நான் அழிக்கவில்லை. நகலில் இருந்த வாட்ஸ்அப் நம்பரை எடுத்துவிட்டு, புது சிம் ஒன்று வாங்கி அதன் நம்பரை அங்கே போட்டேன்.

அடுத்த வாரமே மெசேஜ் வந்தது. "மேடம், வீட்டுக்காரருக்குத் தெரியாம வரலாமா?"

"தாராளமா வாம்மா, நான் இருக்கேன்" என்று பதில் போட்டேன்.

அடி வாங்கியது, கலைந்துபோன குழந்தை, எல்லாம் எழுதினாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். தளி ரோட்டில் தைலமரத் தோப்புப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கச் சொன்னேன். இறங்கினாள். என்னைப் பார்த்தும் ஓடவில்லை. மேடம் வருகிறாரா என்று என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். கழுத்தைப் பிடித்தபோதும் அங்கேதான் பார்த்தாள். அன்றிலிருந்து யாராவது எனக்குப் பின்னால் பார்த்தால் பயமாக இருக்கிறது, திரும்பிவிடுகிறேன்.

தோப்பில் நீங்கள் தோண்டிய இடம் சரிதான். கொன்றது நான்தான். அந்த மெசேஜ்களை மட்டும் அழித்துவிடாதீர்கள் சார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் மனம்விட்டுப் பேசியது என்னிடம் மட்டும்தான்.