கை பேப்பருக்குத்தான் போனது

"குனிடா ஏழுமல, குனி."

பின்சீட்டிலிருந்து சங்கர் கத்துகிறான். நான் குனியவில்லை. ஓட்டுகிறவன் குனிந்தால் வண்டி எங்கே போகும். செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி பத்து நிமிடம். கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறது. எடுக்கவில்லை. முன் கண்ணாடி முழுக்க விரிசல். ரோடு துண்டு துண்டாகத் தெரிகிறது. பின்னால் சத்தம். டப். டப். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அது எங்கள் டயர். ஸ்டியரிங் வலது பக்கம் இழுக்கிறது. நான் இடது பக்கம் இழுத்துப் பிடிக்கிறேன்.

அந்த ஊர் வண்டியில் ஸ்டியரிங் இடது பக்கம். எனக்கு வலது பக்கத்துச் சீட்டில் ஜாபர் பாய். அவர் கத்தவில்லை. சட்டை நனைந்திருக்கிறது. வலது கை இன்னும் டேஷ்போர்டு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

என் பெயர் ஏழுமலை. ஊர் மரக்காணம். உப்பு லாரி ஓட்டுகிறவன். மூன்று பேர் ஒன்றாக வெளிநாடு போனோம். நான், பிரம்மதேசம் வெல்டர் சங்கர், கோட்டக்குப்பம் ஜாபர் பாய். திரும்பி வந்தது இரண்டு பேர். ஜாபர் பாயின் மனைவி மும்தாஜ். ஒரே மகள், எட்டாவது படிக்கிறாள். பாய் எப்படிப் போனார் என்று அந்த வீட்டில் நான் சொன்னது பொய். இங்கே எழுதுவதுதான் நடந்தது.

நாட்டின் பெயரை எழுதவில்லை. கடைசியில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்த குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போரும் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வேலை கடலோர உப்பு ஆலையில். முதல் நாள் போய் இறங்கியபோது சிரிப்பு வந்தது. அதே பாத்தி. அதே வெள்ளை. அதே கண் கூசல். இதற்கா ப்ளேன் ஏறி வந்தோம் என்று சங்கர் கேட்டான். சம்பளம் வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டான். ஜாபர் பாய் சூப்பர்வைசர். கல்ஃபில் பத்தொன்பது வருஷம் இருந்தவர். அரபி சரளமாகப் பேசுவார். எங்கள் மூவரின் பாஸ்போர்ட், இக்காமா கார்டு எல்லாம் அவர் பொறுப்பு. இக்காமா என்றால் அங்கே தங்கி வேலை செய்வதற்கான அடையாள அட்டை. அது இல்லாமல் வாசல் தாண்டக்கூடாது.

இரண்டாம் வருஷம் சண்டை வந்தது. முதலில் நகரத்தில். பிறகு ரோட்டில். பகலில் தூரத்தில் உருளுகிற சத்தம். ஜன்னல் கண்ணாடி நடுங்கும். பக்கத்து ஆலையின் லாரியை ரோட்டில் மடக்கினார்கள். டிரைவரைக் கொன்றுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் எங்கள் மேனேஜர் ஒரு துணிப்பொட்டலத்தை நீட்டினார். உள்ளே கைத்துப்பாக்கி. எட்டுக் குண்டு. பிக்கப் வண்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"நமக்கு இது வேணாம் ஏழுமல. நாம உப்பு வார்றவங்க," என்றார் பாய்.

எனக்கு முன்கோபம் அதிகம். சும்மா சாக மாட்டேன் என்றேன். செத்த டிரைவர் எனக்குப் பழக்கம். ஒன்றாக டீ குடித்தவன். நான் கோபத்தில் இருந்தேன், பயத்திலும் இருந்தேன். அப்போது எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. துப்பாக்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் போனது.

அன்றிலிருந்து எட்டு நாள் பயிற்சி எடுத்தோம். வேலை முடிந்து சாயங்காலம், ஆலை முற்றத்தில். வாத்தியார் நான்தான். எனக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள் என்றால் யாரும் இல்லை. கொஞ்சம் மேனேஜர் சொன்னது, கொஞ்சம் போனில் பார்த்தது, மீதி எங்கள் ஊர் உப்பளம்.

மரக்காணம் அளத்துப் பாதையில் லாரியைத் திருப்ப இடம் கிடையாது. இரண்டு பக்கமும் பாத்தி. ஒரு சக்கரம் இறங்கினால் போச்சு. அதனால் உள்ளே போகும்போதே ரிவர்ஸில் போவோம். வண்டியின் மூஞ்சி எப்போதும் வெளியே பார்த்து நிற்கும். அங்கேயும் பிக்கப்பை அப்படித்தான் நிறுத்த வைத்தேன். சாவி போட்டால் நேராக ரோடு. கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் எதுவும் நிற்கக்கூடாது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது. முன்னால் வண்டி நின்றால், அதன் பின் டயர் தரையைத் தொடுவது தெரிகிற தூரத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் ஒடித்து வெளியே வர முடியும். சுட்டால் நிற்கக்கூடாது. வண்டி ஓடுகிற வரை ஓட்ட வேண்டும். முடியாமல் போனால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கி, இன்ஜின் பக்கம் ஒளிய வேண்டும்.

பெட்டி பாய்க்கு நேர் எதிரில். அதனால் துப்பாக்கியை எடுப்பது அவர் வேலை. ஒன்று சொன்னால் பெல்ட். இரண்டு சொன்னால் பெட்டி. மூன்று சொன்னால் கையில் இருக்க வேண்டும். பாய்க்கு ஐந்து ஆகும். சில நாள் ஆறு.

"நீங்க எடுக்கறதுக்குள்ள அவன் டீ குடிச்சிட்டுப் போயிடுவான் பாய்," என்றான் சங்கர்.

"போவட்டுமே. நல்லதுதானே," என்றார் பாய்.

சிரித்தோம். எட்டு நாளும் சுடுகிறவனுக்காகவே தயாரானோம். சும்மா நிறுத்திக் கேள்வி கேட்கிறவனுக்காக ஒரு நாள்கூடத் தயாராகவில்லை. இது எனக்கு இப்போது தெரிகிறது.

பாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோட்டக்குப்பம் தாண்டினால் பாண்டிச்சேரி எல்லை. பாட்டில் கடத்துகிறார்களா என்று பார்க்க பஸ்ஸை நிறுத்துவார்கள். போலீஸ்காரர் ஏறி சீட்டுக்கு அடியில் பையைப் பார்ப்பார். பஸ்ஸில் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஜாபர் பாய் மட்டும் ஆதார் கார்டை எடுத்து நீட்டுவார். லீவில் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போலீஸ்காரரே சிரித்துவிட்டார். பத்தொன்பது வருஷப் பழக்கம் அது. கல்ஃபில் காக்கியோ பச்சையோ, யூனிஃபார்ம் எதிரில் வந்தால் கை முதலில் பேப்பருக்குப் போகும். வாய் அப்புறம்தான் பேசும். அங்கே பிழைத்துக்கிடந்த எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. பாய்க்குக் கொஞ்சம் கூடுதல்.

எங்கள் பேப்பர்கள் எப்போதும் பாய் தலைக்கு மேலே, முன் கண்ணாடிக்கு மேல் மடக்குகிற வெயில் தட்டியில் மாட்டிய ரப்பர் பேண்டில் இருக்கும். அந்த வாரம் வெயிலில் ரப்பர் அறுந்துவிட்டது. சின்ன விஷயம். ஒரு கயிறு போதும். கட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்கால். ஆலைக்குப் பின்னால் முதல் குண்டு விழுந்தது. விழுவதற்கு முன் ஒரு விசில். பிறகு தரை. இரண்டாவது குண்டு பாத்தியில் விழுந்தது. உப்பு மேலே எழும்பி எங்கள் மேல் கொட்டியது. ஓடினோம். வண்டி வெளியே பார்த்து நின்றது. அதனால்தான் கேட்டைத் தாண்டினோம். திருப்பிக்கொண்டிருந்த இரண்டு லாரிகள் முற்றத்திலேயே எரிந்தன. எங்கள் ஊர்ப் பழக்கம் அன்றைக்கு மூன்று உயிரைக் காப்பாற்றியது. இரண்டரை மணி நேரத்துக்கு.

கிளம்பும் அவசரத்தில் பாய் பேப்பர்க் கவரை என் மடியில் போட்டார். நான் எட்டி அதைப் பெட்டிக்குள் திணிக்கப் போனேன். துப்பாக்கி அடியில் போய்விடுமே என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதுதான் என்னைக் கொல்கிறது. துப்பாக்கியை வெளியே எடுத்து, கவரை உள்ளே தள்ளி, அதன் மேல் துப்பாக்கியை வைத்தேன். பாய்க்கு ஐந்து ஆகிறதே, மேலே இருந்தால் மூன்றில் வரும் என்று. அவர் அதைப் பார்க்கவில்லை. திரும்பி எரிகிற ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைமுகம் நூற்றிப் பத்து கிலோமீட்டர். ரோட்டில் நடந்து போகிறவர்கள், கழுதை வண்டி, குழந்தைகள். மெதுவாகத்தான் போக முடிந்தது. எட்டு மணி எட்டு நிமிடம். ரோட்டின் குறுக்கே இரண்டு டிரம். துப்பாக்கியோடு இரண்டு பேர். ஒருவன் கையை உயர்த்துகிறான். உள்ளங்கை தெரிகிறது. நான் வேகத்தைக் குறைக்கிறேன். இடம் விட்டு நிற்கிறேன். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். எல்லாம் பயிற்சியில் செய்த மாதிரியே.

அவன் பாய் பக்கத்து ஜன்னலுக்கு வருகிறான். பாய் கண்ணாடியை இறக்குகிறார். சலாம் சொல்கிறார். அவனும் பதில் சலாம் சொல்கிறான். எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறான். அந்த அளவு அரபி எனக்குத் தெரியும். அதைத்தான் கேட்டான். பேப்பரைக் கேட்கவில்லை.

பாயின் கண் முதலில் வெயில் தட்டிக்குப் போகிறது. அங்கே இல்லை. கை பெட்டிக்குப் போகிறது. திறக்கிறார். துப்பாக்கி. அதற்கு அடியில் கவர். கவரை எடுப்பதற்காகத் துப்பாக்கியை நகர்த்துகிறார். அவன் முகத்தை நான் பார்க்கிறேன். அவனும் பயந்துவிட்டான்.

"பாய், கைய எடுங்க."

கத்தினேன். என் குரல் முடிவதற்குள் அவன் சுட்டான். மூன்று முறை. இரண்டு பாய்க்கு. ஒன்று கண்ணாடிக்கு. என் கால் ஆக்சிலேட்டரை மிதித்தது. டிரம் பறந்தது. இன்னொருவன் பின்னாலிருந்து சுட்டான். சங்கர் கத்தினான். அதைத்தான் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

பத்து நிமிடம் வெறும் ரிம்மில் ஓட்டினேன். ரோட்டோரம் ஒரு மண் வீடு. குடத்தோடு ஒரு பெண், அவள் புருஷன். பாயைத் தூக்கி நிழலில் போட்டோம். அவள் தண்ணீர் ஊற்றினாள். பாய் என்னைப் பார்த்தார்.

"பேப்பரெல்லாம் கீழ வுழுந்துடுச்சு பாரு. எடுத்து வை."

அதுதான் கடைசியாகக் காதில் விழுந்தது. பிறகு உதடு அசைந்தது. சாகும்போது சொல்கிற கலிமாவா என்று எனக்குத் தெரியாது. என் வலது காதில் ஒரே இரைச்சல். மணி எட்டு முப்பத்து நான்கு. மதியம் லுஹர் தொழுகைக்கு முன் அந்த ஊர்க்காரர்கள் குளிப்பாட்டி, தொழுது, அடக்கம் செய்தார்கள். எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. சங்கர் கண்ணாடித் துண்டு ஏறிய கண்ணில் துணி கட்டிக்கொண்டு மதிலோரம் உட்கார்ந்திருந்தான். ஊரில் என்ன சொல்வது என்று அங்கேயே பேசி முடிவு செய்தோம். எங்கிருந்தோ வந்த குண்டு. அதிகம் வலிக்கவில்லை. கலிமா சொன்னார்.

கிடைத்த வண்டியில் துறைமுகம் போய்க் கப்பல் ஏறினோம். நாங்கள் ஊர் வருவதற்குள் போனில் செய்தி போய், மும்தாஜ் இத்தா இருந்தார். புருஷனை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்க்கக்கூடாது. அவருடைய தம்பியிடம்தான் சொன்னேன். அந்த நாட்கள் எனக்கு வசதியாக இருந்தன. இத்தா முடிந்து ஒரு வருஷம் ஆகியும் நான் போகவில்லை. சங்கரும் நானும் சந்தையில் பார்த்தால் பேசாமல் நகர்ந்துவிடுவோம்.

போன மாதம் உப்பு ஏற்றிக்கொண்டு ஈசிஆரில் போகிறேன். பகல் பதினொரு மணி. வண்டிச் சோதனை. போலீஸ்காரர் கையை உயர்த்துகிறார். உள்ளங்கை தெரிகிறது. நிறுத்தினேன். ஆர்சி புக்கைக் கேட்டார். என் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை.

"என்னா, காலையிலயே தண்ணியா?"

"டேஷ்போர்டுல இருக்குது சார். நீங்களே எடுத்துக்குங்க," என்றேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய், போய்யா என்று விட்டுவிட்டார். உப்பை இறக்கிவிட்டு அன்று மாலையே பஸ் ஏறி கோட்டக்குப்பம் போனேன்.

தம்பி என்னை உட்கார வைத்தார். மும்தாஜ் உள் வாசற்படியில் நின்றார். ஒன்றும் விடாமல் சொன்னேன். ரப்பர் பேண்டு, கவர், கலிமா எல்லாம். முடித்ததும் மும்தாஜ் கேட்டார்.

"அவன் பேப்பர கேக்கவே இல்லியாண்ணே?"

"கேக்கல தங்கச்சி."

"இவராதான் எடுத்தாரா." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எப்பவும் அப்படித்தான். கேக்கறதுக்கு முன்னாடி நீட்டிடுவாரு."

பிறகு என்னைப் பார்த்தார்.

"துப்பாக்கிய மேல வெச்சது யாரு?"

"நான்தான்."

உள்ளே போய்விட்டார். வெளியே வரவில்லை. தம்பி டீ கொண்டுவந்து வைத்தார். ஆறி ஆடை படியும் வரை உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எல்லாத்தயும் எழுதிக் குடுங்க. பொண்ணு வளந்ததும் படிக்கணும். மறுபடி மாத்திச் சொல்லாதீங்க."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. எழுதிவிட்டேன். இனி கணக்கு.

ஜாபர் பாய், வயது நாற்பத்தாறு. ஆலை முற்றத்தில் லாரிகளோடு எரிந்தவர்கள் நான்கு பேர், இரண்டு பேரின் பெயர்தான் எனக்குத் தெரியும். சங்கரின் இடது கண். என் வலது காது. ஒரு பிக்கப். சுட்டவன் என்ன ஆனான் என்று தெரியாது.

பாஸ்போர்ட் மூன்று, இக்காமா மூன்று. பாய் சொன்னபடி பொறுக்கி எடுத்து வைத்தேன். ஆறும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தன.

துறைமுகத்தில் கப்பல் ஏறும் முன் துப்பாக்கியைக் கடலில் போட்டேன். போடுவதற்கு முன் குண்டுகளை எண்ணினேன். எட்டும் இருந்தன.