சரசு நின்ற கதவு

சித்ரா பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் ஸ்கூட்டரை எடுப்பதைவிட நடந்து போவது மேல். அன்று நான் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு நடந்தே போயிருந்தேன். 1997இல் ஊருக்கு மயக்க டாக்டர்கள் இரண்டே பேர். என்னைத் தவிர இருந்த இன்னொருவர் தன் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். கால் வீங்கிவிட்டது. எட்டு வருடம் கழித்து நோட்டும் பேனாவுமாக நீங்கள் வந்து கேட்கும்போதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் களைப்புதான்.

நான்காவது நோயாளி ஆதிலட்சுமி. கீழ்பென்னாத்தூர், இருபத்துநான்கு வயது, குடல்வால் ஆபரேஷன். தங்கையின் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு வலி வந்திருந்தது. பத்து விரலிலும் மருதாணி.

"வலிக்குமா சார்?" என்றாள்.

"தூங்கி எழுந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்மா."

எல்லோரிடமும் சொல்வதுதான்.

அவள் மயங்கியதும் ட்யூப் வைத்தேன். தொண்டையில் நுரையீரலுக்கு ஒரு வழி, வயிற்றுக்கு ஒரு வழி, இரண்டும் அடுத்தடுத்து. ட்யூப் வழி மாறிப் போவது எவருக்கும் நடக்கும். உடனே எடுத்து மறுபடி வைத்தால் ஒன்றும் ஆகாது. நர்ஸ்களுக்கு இதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன்.

தியேட்டர் நர்ஸ் சரசு. பதினான்கு வருட அனுபவம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் அந்த வருடம்தான் வந்திருந்தது. அது கத்த ஆரம்பித்தது.

"சார், மீட்டர்ல கம்மியா காட்டுது."

"மருதாணி போட்டிருக்கா இல்ல, அப்படித்தான் காட்டும்" என்று சத்தத்தை நிறுத்தினேன். மருதாணியால் சில சமயம் மீட்டர் தடுமாறும். பொய் சொல்லவில்லை.

சரசு என்னைக் கேட்காமலே கிளிப்பைக் கழற்றிக் காது மடலில் மாட்டினாள். காதில் மருதாணி இல்லை. எண் இன்னும் இறங்கியது.

"சார், வயிறு உப்புது சார். ட்யூப் வயித்துக்குப் போயிட்டிருக்கும்னு தோணுது. நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

கடைசியாகச் சொன்னதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். எனக்குக் கோபம் வந்தது. அவமானம் என்பதுதான் சரி. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டேன். நெஞ்சில் சத்தமே இல்லை. அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும்.

"நீ வெளியே போய் நில்லு" என்றேன்.

போனாள். சர்ஜன் பலராமன் பக்கத்து அறையில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஒரு டாக்டரைப் பற்றி இன்னொரு டாக்டரிடம் போய்ச் சொல்லும் வழக்கம் எங்கள் நர்ஸ்களுக்குக் கிடையாது. நாங்கள் அப்படித்தான் பழக்கியிருந்தோம்.

ட்யூபை மாற்ற அரை நிமிடம் போதும். ஆனால் சரசு கதவின் வட்டக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணெதிரே எடுத்தால், அவள் சொன்னபடி நான் செய்ததாக ஆகும். அவள் போகட்டும் என்று இருந்தேன். ட்யூபில் மாட்டிய காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே இருந்தேன். காற்று வயிற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆதிலட்சுமியின் உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். சரசு அழுதுகொண்டிருந்தாள், நகரவில்லை.

பலராமன் கை கழுவி முடித்துத் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டதும் ட்யூபை மாற்றினேன். இந்த முறை சரியாகப் போனது. ஆதிலட்சுமியின் இதயம் அதற்குள் நின்றிருந்தது. அரை மணி நேரம் நெஞ்சை அமுக்கினோம். பலராமன் கேட்டதற்கு, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

விசாரணையில், "அந்த நேரத்தில் நர்ஸ் தியேட்டரில் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். உண்மைதானே. சரசுவை வேலையை விட்டு எடுத்தார்கள். அதன் பிறகு யாரும் அவளை எந்த தியேட்டரிலும் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. கெட்டிக்காரி.

அவள் பேரில் எனக்குக் கோபமில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்டு அன்று அவள் அந்தக் கதவை விட்டு நகர்ந்திருந்தால், ஆதிலட்சுமி பிழைத்திருப்பாள்.