பாய்மரம் நிமிரும் வரை

எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இவ்வளவு பெரிய கப்பல் இத்தனூண்டு வாய் வழியாக எப்படிப் பாட்டிலுக்குள் போனது? நீங்களும் உள்ளே வந்ததும் அதைத்தான் பார்த்தீர்கள், இன்ஸ்பெக்டர். வெட்கப்பட வேண்டாம், உட்காருங்கள். நான் நின்றுகொள்கிறேன். இரண்டு நாளாக எனக்கு எந்த நாற்காலியும் ஒத்துவரவில்லை.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. கல்யாண முருங்கைக் கட்டையில் கப்பலைச் செதுக்குவேன். பாய்மரங்கள் மூங்கில் சிம்பு. மடங்கிப் படுக்கிற மாதிரி அடியில் கட்டியிருக்கும். எல்லாவற்றையும் படுக்கவைத்து உள்ளே தள்ளி, கடலுக்காக அடியில் பூசிய நீல லப்பத்தில் பதிக்க வேண்டும். ஒரு நூல் மட்டும் பாட்டில் வாய்க்கு வெளியே வரும். அதை மெல்ல இழுத்தால் மரங்கள் ஒன்றாக எழுந்து நிற்கும். பசை வைத்து, அது பிடிக்கும்வரை நூலை விடக் கூடாது. விட்டால் எல்லாம் சரிந்துவிடும். முத்துப்பேட்டை மீரா சாகிப் பினாங்கில் கற்றுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "பொறுத்தார் பூமி ஆள்வார், நாகேஸ்வரன், அவசரப்படாதீங்க" என்பார்.

பஞ்சநதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல உழவன், அதை யாரிடமும் சொல்வேன். அவன் அப்பன் காலத்திலிருந்து ஆற்றோரத்து ஒரு வேலி நிலத்தை எங்களிடம் குத்தகைக்குச் செய்தார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்து கிடையாது. இப்போது சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது. உழுகிறவன் பெயரைப் பதிய வேண்டுமாம். பதிந்துவிட்டால் அவனை நான் அசைக்க முடியாது. செங்கொடிக்காரர்கள் அவனை மனுப் போட வைத்தார்கள். நேற்றுதான் விசாரணை. அவன் நேரில் வந்து சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் என் மனுஷர்கள். அவன் வாய்ச்சொல்லைத் தவிர அவனுக்கு வேறு சாட்சி இல்லை.

ஆத்திரம் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். வரப்பில் நின்றுகொண்டு என்னிடமே சொன்னான்: "உங்க மேல கோவமில்லைங்கய்யா. எம் பேரு ஒரு எடத்துல இருக்கணும், அவ்வளவுதாங்க." உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவன் இத்தனை மரியாதையாகச் செய்தால் திட்டக்கூட முடிவதில்லை. அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தது, கை ஓயவில்லை. அதற்காகத்தான் கப்பலை எடுத்துவைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் பொழுது சாயும் நேரம், அவன் பெண்சாதி தங்கம்மாள் ஓடிவந்து கொல்லை வாசலில் நின்றாள். மூச்சிரைத்தது. "ஐயா, எங்க வூட்டுக்காரரப் பூச்சி தொட்டுட்டுதுங்க. ஆசுபத்திரிக்குப் போவணும். காரு குடுங்கய்யா." பொழுது சாய்ந்தால் பாம்பின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், பூச்சி என்பார்கள். ஊரில் கார் என்னுடையது ஒன்றுதான்.

என் கையில் நூல் இருந்தது. மற்ற கையின் விரலைத் தூக்கி, "இரு" என்றேன்.

எங்கள் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. நான் விரலைத் தூக்கினால், கூப்பிடும்வரை நிற்க வேண்டும். சொன்னதையே திருப்பிச் சொல்வது மரியாதைக் குறைவு. கொடி பிடிக்கப் போன ஆம்பிளைகள் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். பொம்பிளைகள் விடவில்லை. அவள் நின்றாள். அழுதாள், சத்தம் வராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. உள்ளே விளக்கு ஏற்றினார்கள். அப்போதும் நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நூல் தளர்ந்துவிடும் சார்.

பிறகு நானே காரை ஓட்டினேன், டிரைவரைக்கூட அனுப்பவில்லை. அவனைப் பின் சீட்டில் படுக்கவைத்தேன். அந்தச் சீட்டில் அவர்களில் ஒருவரையும் இதுவரை ஏற்றியதில்லை, விசாரித்துப் பாருங்கள். அப்போதே அவன் இமை தொங்கிவிட்டது, நாக்குக் குழறியது. திருத்துறைப்பூண்டிக்குப் பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. தங்கம்மாள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஐயா வேலையா இருந்தாங்க" என்றுதான் வழியில் வந்தவர்களிடம் சொன்னாள். இப்போது வாசலில் கொடி பிடித்துக் கத்துகிறார்களே, அவர்களுக்கு அவளைவிட அதிகமாக என்ன தெரியும்?

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? பசை எத்தனை நேரத்தில் காயும் என்று தச்சனைக் கேட்கப் போகிறீர்களா? வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானமே மரங்கள் நிமிர்ந்து, பசை கல்லாகிவிட்டது. நூலை அறுப்பதுதான் பாக்கி. வயல் பக்கமிருந்து "பஞ்சநதத்தைப் பூச்சி தொட்டுட்டுது" என்று ஒரு கூச்சல், அவள் வருவதற்கு முன்பே என் காதில் விழுந்தது. கார் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து நூலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சரியாக எழுதுங்கள். நான் அவளைப் போகச் சொல்லவில்லை சார். இருக்கத்தான் சொன்னேன்.