அட்டைப்படத்தில் வெட்டிய இடது பக்கம்

விழாக் குழுவின் தலைவர், என் பள்ளித் தோழர் ஹால்டோர் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த பெருமக்களே! தேசிய உடையில் வெள்ளிக் கொக்கிகள் மின்ன வந்திருக்கும் தாய்மார்களே! ஊர்வலத்தில் வாத்தியம் ஊதி உதடு சிவந்த பிள்ளைகளே! ஐஸ்கிரீம் உருகி வழிந்தாலும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைச் செல்வங்களே! நம் ஹெல்விக் நகரத்து யோஸ்டெய்னின் வணக்கம்.

இன்று நம் நார்வேயின் தேசிய நாள். ஐந்தாண்டு நம்மை அடக்கி ஆண்ட ஜெர்மன் படை தொலைந்து அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்காக ஊர் வரலாற்றை அச்சிட்டு, வெளியிட என்னை அழைத்திருக்கிறார்கள். ஏன் என்னை? நான் சிவெர்ட்டின் மகன்! ரகசிய வானொலிக் கருவியைத் தோளில் சுமந்து, பனிமலை கடந்து, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, அடிபட்டு, தோழர் ஒருவர் பெயரைக்கூடச் சொல்லாத சிவெர்ட்டின் மகன்! தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். அந்தக் கைதட்டலுக்கு அவர் உரியவர்தான்.

இப்போது இந்த நூலின் அட்டைப்படத்தைப் பாருங்கள். விடுதலை நாளன்று இதே பள்ளி முற்றத்தில் எடுத்த படம். கொடி எங்கே ஏறுகிறது? வலது பக்கம். கூட்டம் எங்கே பார்க்கிறது? இடது பக்கம்! ஐந்தாண்டு காணாத கொடி, கண்ணீரோடு காத்திருந்த கொடி, அது ஏறும்போது ஒரு கண்கூட அதைப் பார்க்கவில்லையே! வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு இவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்?

அந்த இடது பக்கத்தைக் குழு வெட்டிவிட்டது. முழுப்படம் நகராட்சியின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அதில் நாற்காலியில் பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி. ஜெர்மன் சிப்பாயைக் காதலித்த குற்றத்துக்காக, ஊர் கூடி நின்று அவள் தலைமுடியைக் கத்தரிக்கிறது. அவர் பெயர் போர்கில்ட். இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அறுபது ஆண்டுகளாக அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊர் என்ன சொன்னது? "அதெல்லாம் வேற ஊர்லம்மா, நம்ம ஊர்ல ஏது?" முடி அந்த வருடமே வளர்ந்துவிட்டது. பொய்க்காரி என்ற பட்டம் மட்டும் இன்றுவரை போகவில்லை!

ஹால்டோரிடமே கேட்டேன். "படத்தை ஏன்யா வெட்டுனீங்க?"

"கொண்டாட்டப் புத்தகம்யா இது. பிள்ளைங்களுக்கு நாட்டு மேல பிடிப்பு வரணுமா, வெறுப்பு வரணுமா?"

"உண்மையைச் சொன்னா பிடிப்பு போயிடுமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மடையா, உனக்காகத்தான் வெட்டினோம். கத்தரிக்கோல் யார் கையில இருக்குன்னு பாத்தியா?"

பார்த்தேன், பெரியோர்களே. என் தந்தையின் கையில்.

என்ன ஐயா, பின்வரிசையில்? "நல்ல நாள்ல எதுக்குய்யா இது?" என்கிறீர்களா? வேறு எந்த நாளில் சொல்வது? சாதாரண நாளில் சொன்னால் கேட்க ஆளில்லை, திருநாளில் சொன்னால் அபசகுனம் என்கிறீர்கள்! வெட்டிச் சுருக்கினால்தான் நேசிக்க முடியும் என்றால், நீங்கள் நேசிப்பது நாட்டையா, நாட்டின் அட்டைப்படத்தையா? என் தந்தையின் மானம் காக்க இன்னொருவர் வாழ்நாளெல்லாம் பொய்க்காரியாக இருக்க வேண்டுமா?

போர்கில்ட் அம்மையாரின் வீட்டுக்குப் போனேன். காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உங்கப்பா வீரர்தான் தம்பி, யாரு இல்லேன்னாங்க? ஆனா என் முடியை வெட்டினதும் அவர்தான். ரெண்டையும் எழுது. இல்லேன்னா பேசாம போயிடு, காபி ஆறுது."

பேசாமல் போக மாட்டேன்! முழுப்படத்தோடு அச்சாகும்வரை இந்த நூலை நான் வெளியிட மாட்டேன். ஹால்டோர், இதோ உங்கள் மேசைமேல் வைத்துவிட்டேன்.

அம்மா, என் தந்தை கேட்காத மன்னிப்பை அவருக்குப் பதிலாகக் கேட்க எனக்கு உரிமை இல்லை. சாட்சி சொல்ல உரிமை உண்டு. இந்த ஊரின் மேடையில், இந்த ஊரின் ஒலிபெருக்கியில் சொல்கிறேன்: அது நடந்தது. நம் ஊரில் நடந்தது. செய்தவர் என் தந்தை. நீங்கள் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை, அம்மா.

பொறுத்திருந்து கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் எழுந்து போனவர்களுக்கும் நன்றி. அனைவருக்கும் தேசிய நாள் வாழ்த்துகள். வணக்கம்.