பச்சைக் கிளிப்

நாற்பத்து மூன்று மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. உங்கள் போலீஸ் ஸ்டேஷன் சுவர்க்கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது மேடம், அதைக் கழித்துவிட்டேன். டீ நன்றாக இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள்.

ரவிக்குமார், அஷ்வினி, கவின்ராஜ் மூவரும் எங்கே என்று ஐந்து தடவை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். நடுவில் யாராவது பேசினால் நின்றுவிடும். பஸ்ஸில் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தவள் நான். எம்.எஸ்ஸி. வேதியியல். மிளகாய்த்தூளில் செங்கல்தூள் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

நாங்கள் ஆடுவது சூதாட்டம் இல்லை. ஞாயிறு மதியம் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ரவிக்குமார் கதை சொல்வான். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம். கவின்ராஜ் வாள்காரன், அஷ்வினி மந்திரக்காரி, நான் வைத்தியச்சி. பகடை என்றாலே வீட்டில் சந்தேகப்படுவார்கள் என்று நால்வரும் யோகா வகுப்புக்குப் போவதாகச் சொல்லியிருந்தோம். மைசூரில் அதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அதனால்தான் அவர்கள் வீட்டாருக்கு இடம் தெரியவில்லை.

கதையில் சண்டை வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் வெட்ட முடியாது. ஆளுக்கு ஒரு முறை உண்டு. இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு தன் பாத்திரத்தின் சுறுசுறுப்பு எண்ணைக் கூட்ட வேண்டும். பெரிய எண் முதலில். பூதத்துக்கும் அப்படித்தான், அதற்கு ரவிக்குமார் உருட்டுவான். பிறகு ஒரு அட்டையின் விளிம்பில் துணி கிளிப்புகளை வரிசையாக மாட்டுவான். கவின்ராஜ் சிவப்பு, அஷ்வினி நீலம், பூதம் கறுப்பு, நான் பச்சை. சண்டை முடியும்வரை அந்த வரிசை மாறக் கூடாது. தன் முறை முடிந்ததும் "ஆய்த்து", கன்னடத்தில் முடிந்தது, என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை அடுத்தவர் தொடக் கூடாது. கவனம் சிதறாமல் இருக்கக் கைப்பேசிகளை ஐந்து லிட்டர் குக்கரில் போட்டு மூடிவிடுவோம்.

பதினான்கு மாதத்தில் முப்பத்தெட்டு சண்டை. எனக்கு விழுந்த எண்களின் சராசரி ஒன்பது புள்ளி ஒன்பது. பத்தரை இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் தற்செயல்தான், கணக்குப் போட்டுப் பார்த்தேன், பகடை மேல் எனக்குக் குறை இல்லை. வைத்தியச்சிக்கு இரும்புக் கவசம் கொடுத்துவிட்டார்கள். சுறுசுறுப்பு கழித்தல் ஒன்று. பெரும்பாலும் என் முறை வருவதற்குள் பூதம் செத்திருக்கும். வந்தாலும், "வடிவு யாருக்காவது மருந்து கொடுக்கட்டும், நெக்ஸ்ட்" என்று ரவிக்குமாரே முடித்துவிடுவான். முப்பத்தெட்டு சண்டையில் நான் ஒரு தடவைகூட "ஆய்த்து" சொன்னதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்பதாவது சண்டை. பாறைப் பூதம். பகடையை உருட்டினேன். "இருபது" என்றேன். ஒன்று கழித்தால் பத்தொன்பது. கவின்ராஜுக்குப் பதினெட்டு. நான்தான் முதல்.

"வடிவக்காவுக்கா? எங்க, காட்டுங்க பாக்கலாம்" என்று கவின்ராஜ் கையை நீட்டினான். கொள்ளேகால்காரன், மரியாதையாகத்தான் கேட்டான். நான் பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"ஸ்வல்ப இரு வடிவு. நீ வைத்தியச்சி. எங்களுக்கு அடிபட்டாத்தானே உனக்கு வேலை?" என்றாள் அஷ்வினி.

"கரெக்ட். கடைசில வச்சுக்கலாம், அவ ஒண்ணும் சொல்லமாட்டா" என்று ரவிக்குமார் பச்சைக் கிளிப்பை எடுத்துக் கறுப்புக்குப் பின்னால் மாட்டினான்.

நான் பகடையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஆட்டத்தில் தயார்நிலை என்று ஒரு விதி உண்டு. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்பே தீர்மானித்து வைத்துக்கொள்ளலாம். அது நடந்த கணத்தில் யார் முறையாக இருந்தாலும் செய்துவிடலாம். தண்ணீர் கேனை அன்று காலையிலேயே மாற்றி வைத்ததற்கு இதுதான் காரணம். நாங்கள் ஆடும் அறையின் சாவி என்னிடம்தான் இருக்கும். முதலில் போய்ப் பெருக்குவது நான்.

இருபது லிட்டர். ஒருவருக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் என்றால் மூன்று நாள் எட்டு மணி நேரம். கழிவறை உள்ளேயே இருக்கிறது. நிப்பட்டு, வேர்க்கடலை போட்ட தட்டை, ஒரு கிலோ வாங்கி வைத்தேன். அஷ்வினிக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, அவளுக்கு மட்டும் கோடுபளே முறுக்கு. அக்கறை இல்லாதவள் இதையெல்லாம் செய்யமாட்டாள்.

குக்கரைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். யாரும் பார்க்கவில்லை. நான் எழுந்தால் யாரும் பார்ப்பதில்லை. வெளியே வந்து ஷட்டரை இறக்கும்போது அஷ்வினி சிரித்தாள். திகைத்து நிற்பவர்களுக்கு முதல் சுற்றில் முறை கிடையாது, அதுவும் விதிதான். பூட்டிய பிறகு தட்டினார்கள். அப்போது மணி நான்கு இருபது. நான் இன்னும் "ஆய்த்து" சொல்லவில்லை, அதனால் தட்டியது செல்லாது. கீழே தசரா ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தேன். ராத்திரி முழுக்கக் குக்கர் அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரோட குக்கருடி இது? விசில் அடிக்கும்னு பாத்தா பாட்டுப் பாடுது" என்றாள் அம்மா.

"அதுக்கு இன்னும் முறை வரலம்மா" என்றேன்.

"யோகா போயி உனக்குப் புத்தி பிசகிடுச்சு" என்று சொல்லிவிட்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

நன்றாகத் தூங்கினேன். திங்கள்கிழமை வேலைக்குப் போய்ப் பதினொரு மஞ்சள்தூள் மாதிரி பார்த்தேன். இரண்டில் கலப்படம். இன்று காலை நீங்கள் கைப்பேசிகளைத் தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து குக்கரைத் திறந்தீர்கள். "நோடு கண்ணு, குக்கர்ல போனு இருக்கு. ஆளுங்க எந்தப் பாத்திரத்துல?" என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே காட்டவில்லை.

இப்போது பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். கால் மணி நேரமாக ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. பதினான்கு மாதத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. அதனால் சொல்கிறேன்.

அக்ரஹாரத்துச் சந்தில் மூடிக் கிடக்கும் டியூஷன் சென்டர். மூன்றாம் மாடி, பின்பக்கத்து அறை. சாவி எங்கள் வீட்டு உப்பு ஜாடியில், அடியில் இருக்கிறது.

ஆய்த்து.

நினைத்ததைவிடச் சின்னச் சொல். ஆளை அனுப்பிவிட்டீர்கள், நல்லது. நான் காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்குப் பழக்கம்.

போன் அடிக்கிறது மேடம். எடுங்கள்.

மூவரும் நன்றாக இருக்கிறார்களா? கேனில் தண்ணீர் மீதம் இருக்குமே. எட்டு லிட்டருக்கு மேல் இருக்க வேண்டும். கவின்ராஜ் அழுதானா? அழட்டும், இப்போது அவன் முறை.

பச்சைக் கிளிப்பை முதலில் மாட்டி வைத்திருக்கிறார்களா? ராத்திரியே மாற்றிவிட்டார்களா? வடிவு பொய் சொல்லமாட்டாள், நாம்தான் தப்பு செய்தோம் என்று ரவிக்குமார் சொன்னானா?

நிஜமாகவே இருபதுதான் விழுந்ததா என்றா அஷ்வினி கேட்கிறாள்?

இந்தாருங்கள், பகடை. சட்டைப்பையில்தான் இருந்தது. இதைப் பார்த்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது மேடம், ஞாயிற்றுக்கிழமை எந்த முகம் மேலே இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழு.