மாடிக்குப் போன பெட்டி

வைஃபையை நம்பி முக்கியமான வேலை எதையும் செய்யக் கூடாது ஐயா. நடுவில் ஒரு சுவர் வந்தாலே நொண்டும். கணினிக்கு நேராகக் கம்பி கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. இதை அண்ணனிடம் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன்.

இணையப் பெட்டி கீழே கூடத்தில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. என் அறை மாடியில். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறவன் நான். பதவி உயர்வுக்கான நேர்காணலில் பாதியில் என் படம் உறைந்துபோனது. வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி. யாரோ அதை அலுவலகம் முழுக்க அனுப்பினார்கள். பதவி வேறு ஒருத்திக்குப் போனது. எனக்குச் 'சிலை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அண்ணன் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கவாதம் அவருடைய இடது பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது, வாயை விட்டுவிட்டது.

"பெட்டி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்டா. உன் ஒருத்தனுக்காக வீட்டையே புரட்டிப் போடணுமா? சிலைன்னா நல்லதுதானே, காக்காயாவது மதிக்கும்."

எனக்குக் கோபம் வராது. அப்பா இறந்ததும் என் படிப்பை அவர் நிறுத்தியபோதும், பெண் வீட்டாரிடம் "இவனை நம்பியா பொண்ணு குடுக்கிறீங்க?" என்று என் எதிரிலேயே கேட்டபோதும்கூட வரவில்லை. பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது, அவ்வளவுதான்.

அண்ணி அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்த நேரம் பார்த்து டெக்னீஷியனை வரச் சொன்னேன்.

"கம்பி சுருட்டி வெச்சிருக்கு சார், மாடி வரைக்கும் தாராளமா எட்டும். ஆனா கட்டில்கிட்ட இருக்கிற ஃபோனும் இந்தப் பெட்டியிலதான் ஓடுது. இது மேலே போனா அது செத்துடும். தனியா ஒயர் இழுக்கட்டுமா?"

"வேண்டாம். அதை யாரும் தொடுறதில்ல."

அந்த ஃபோன் அண்ணனுக்கென்றே வாங்கியது. கைபேசித் திரை அவர் விரலுக்குப் பிடிபடவில்லை. இதில் ரிசீவரிலேயே பெரிய பொத்தான்கள். முதல் பொத்தானை அழுத்தினால் அண்ணி வேலை செய்யும் துணிக்கடையில் மணி அடிக்கும்.

டெக்னீஷியன் போனதும், தொங்கிய ஒயர் முனையைக் கட்டில் காலுக்குப் பின்னால் செருகினேன். பார்க்க நன்றாக இருக்க வேண்டுமல்லவா.

"பெட்டியைக் காணோமே தம்பி. ஃபோன் வேலை செய்யுமில்ல?" என்று அண்ணி கேட்டார்.

"அதெல்லாம் செய்யும் அண்ணி."

"நினைச்சதைச் சாதிச்சுட்டே," என்றார் அண்ணன். அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் இயக்குநரோடு கூட்டம். அண்ணி கடைக்குப் போய்விட்டார். படம் கண்ணாடிபோல் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே கட்டில் சட்டத்தை ஏதோ தட்டும் சத்தம். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்தேன்.

"டேய்" என்று அண்ணன் கூப்பிட்டார். பிறகு "தம்பி" என்றார். எனக்கு நினைவு தெரிந்து அவர் என்னை அப்படி அழைத்ததில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "மன்னிக்கணும் சார், தொடரலாம்" என்றேன்.

கூட்டம் நல்லபடியாக முடிந்தது. இறங்கி வந்து பார்த்தேன். வலது கையில் ரிசீவர், கட்டைவிரல் முதல் பொத்தானின் மேல். மூச்சு இருந்தது. என்னைப் பார்த்தார்.

என் கைபேசி சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் மேலே போய்ப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தேன். கம்பியை மறுபடி சுருட்டினேன். பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து, ஃபோன் ஒயரைச் செருகி, விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசி விளக்கு எரிந்தபோது அவருக்கு மூச்சு நின்றிருந்தது.

அவர் கட்டைவிரலை விலக்கிவிட்டு, அந்தப் பொத்தானை நான் அழுத்தினேன். முதல் மணியிலேயே அண்ணி எடுத்தார்.

"சொல்லுங்க, என்ன பண்ணுது? இதோ வந்துடறேன்," என்றார்.