பேர் கேட்காத இடம்

— இது நாலாவது சைட் அண்ணாச்சி. இதுக்கு என்ன கொறை சொல்லப் போறீய?

— கொறை சொல்றதுக்கா என்னைத் தமிழ்ச் சங்கத்துக்கு செக்ரட்டரி ஆக்கினா? ஆரே பாபா, லிங்க்கை அனுப்பு மகேஸ்வரி. என் ஃபோன்லயே பாக்கறேன்.

— அனுப்பியாச்சு. நான் எழுதுன தமிழ்ப் பாடப் புஸ்தகம் முழுசா வருது பாருங்க. முப்பது பாடம். யாரு வேணா சும்மாவே எறக்கிக்கிடலாம், திருத்தியும் போட்டுக்கிடலாம்.

— மேல மூலையில வட்டமா அது என்னது?

— யாரு படிக்காங்கன்னு காட்டும். இப்ப நாம ரெண்டு பேரு. உங்க போட்டோ விழுந்திருக்கு பாருங்க, பூஜைக்குப் போட்ட ஜிப்பாவோட!

— ஐயய்யோ, மூடு மூடு. வேண்டாம். அடுத்தது.

— மொத சைட்டுல லாட்டரி விளம்பரம் வந்துச்சு, வேண்டாம்னீய. சரி. ரெண்டாவதுல நாலு பாடத்துக்கு மேல எறக்கப் போனா துட்டு கேட்டுச்சு. அதுவும் சரி. மூணாவது உங்கள என்ன செஞ்சுச்சு?

— பேரு கேட்டுது, ஃபோன் நம்பர் கேட்டுது, வயசு கேட்டுது. அ, ஆ படிக்க எதுக்கு வயசு?

— பத்து வயசுப் பிள்ளைக்கு வயசு சொல்ல என்ன கூச்சம்?

— பத்து வயசுக்காரா மட்டும்தான் படிக்கணுமா?

— அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம வகுப்பு தொடங்குது. டாலிகஞ்ச், காளிகாட், சால்ட் லேக்னு இருபத்திரெண்டு பிள்ளைக. வீட்டுல வாய் ஓயாம தமிழ் பேசுதுக, படிக்கச் சொன்னா வங்காளத்துக்கு ஓடுதுக. லிங்க் இல்லாம நான் என்னத்த அனுப்ப?

— அது சரி, இலிஷ் மீனைப் போட்டு 'இ' சொல்லிக் குடுத்திருக்கியே. எங்காத்துல பாத்தா என்ன சொல்லுவா?

— உங்காத்துப் பிள்ளைக கல்யாண வீட்டுல மொதப் பந்தியில உக்காந்து அதத்தான் திங்குது! பேச்ச மாத்தாதீய. போன மாசமே புஸ்தகத்தச் சரிபாக்கக் குடுத்தேன்லா? ஒரு பிழைகூட இல்லன்னு மறுநாளே திருப்பிக் குடுத்தீய.

— பிழை இருந்தாத்தானேம்மா சொல்லுவேன்.

— பொறவு எதுக்கு நாளக் கடத்துதீய? ரெண்டு வருசமா லீவு நாளெல்லாம் போட்டு எழுதுனது. பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க. எனக்கு மனசு வலிக்கு.

— ச்சீச்சீ, அப்படிச் சொல்லாதே. அருமையான புஸ்தகம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். படிக்கறவா பேரைக் கேக்கப்படாது, காட்டப்படாது. மத்தது எப்படி இருந்தாலும் சரி.

— யாருக்காக இவ்வளவு பாடு?

— நம்ம மெம்பர் ஒருத்தர். இங்கயே பொறந்து, வங்காள மீடியத்துல படிச்சவர். பேச்செல்லாம் தமிழ்தான். எழுத்துதான் ஒண்ணும் தெரியாது. இந்த வயசுல வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்னு பயப்படறார்.

— யாரு, ஸ்ரீனிவாசராகவன் சாரா?

— துர்! அவர் வாரத்துக்கு நாலு புகார்க் கடிதாசு தமிழ்ல எழுதறார். ஆளைக் கேக்காதேம்மா.

— இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? அஞ்சாவதா ஒரு சைட் இருக்கு. லாகினும் கெடையாது, பேரும் கெடையாது. தொறந்தமா, படிச்சமான்னு போயிட்டே இருக்கலாம்.

— நெஜமாவா? யார் படிச்சான்னு உனக்குக்கூடத் தெரியாதே?

— சத்தியமாத் தெரியாது. எத்தன பேரு படிச்சாங்கன்னு மட்டும் காட்டும்.

— அப்ப போடு, இப்பவே போடு.

— போட்டாச்சு. அந்தப் பாவப்பட்ட மனுசருக்கு லிங்க்க அனுப்பி வைங்க. ஒரு சங்கடமும் வேண்டாம்னு சொல்லுங்க.

— உனக்குப் புண்ணியமாப் போகும்.

— இன்னொண்ணு. ஞாயித்துக்கிழம மேடையில செக்ரட்டரிதான் புஸ்தகத்துலேருந்து ஒரு பாடம் வாசிச்சுத் தொடங்கி வைக்கணும். கடைசிப் பாடம் நல்லா இருக்கும், அத வாசிங்க.

— முதல் பாடம் வாசிக்கறேனே மகேஸ்வரி. நாலாம் பாடத்துக்கு மேல நான் இன்னும் போகலை.